தடித்த எழுத்தின் தரப்பில்

வடிவமைப்புப் பள்ளிகளில் முதல் வருஷமே மனப்பாடமாகிவிடும் தீர்ப்பு ஒன்று உண்டு: நல்ல எழுத்துரு கண்ணில் படக்கூடாது. படிப்பவருக்குச் சொல் தெரிந்தால் போதும், எழுத்தின் வடிவம் தெரியவே வேண்டாம். இந்த மூலத் தீர்ப்போடு மூன்று கிளைத் தீர்ப்புகளும் சேர்ந்தே வரும். அலங்காரம் படிக்கவிடாது. பழைய பாணி என்பது பழங்காலத்துக்கு ஏங்குகிறவர்களின் பலவீனம். கோடு குறையக் குறைய நேர்மை கூடும். விளம்பர அலுவலகங்களிலும் இதே சட்டம்தான். தடித்த, வளைவும் வாலும் கொண்ட ஒரு செரிஃப் எழுத்தில் கடையின் பெயரை எழுதிக் காட்டினால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா பழசா இருக்கே. கொஞ்சம் க்ளீனா ஏதாவது காட்டுங்களேன்" என்று பதில் வரும். எல்லாக் கோடும் ஒரே கனத்தில் ஓடி, முனையில் ஒன்றுமில்லாமல் முடியும் சான்ஸ்-செரிஃப் எழுத்து ஒன்றைக் காட்டினால் தலையாட்டல் கிடைக்கும். மூலத் தீர்ப்பையும் அதன் கிளைகளையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த எழுத்துகளைப் பற்றிய வழக்கு இது என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். ரோமன் எழுத்தின் கோடுகள் முடிகிற இடத்தில் பாதம்போல நிற்கும் சிறு நீட்சிதான் செரிஃப். புத்தகங்களில் அது அடக்கமாக இருக்கும். நான் பேசுவது அடக்கமில்லாதவற்றைப் பற்றி. செங்குத்துக் கோடுகள் தூணாகப் பருத்து, குறுக்குக் கோடுகள் மயிரிழையாக மெலிந்த 'ஃபேட் ஃபேஸ்'. செரிஃப் செங்கல்போலக் கனத்த 'எகிப்தியன்', அதன் முனைகளை வளைத்து மென்மையாக்கிய 'கிளாரண்டன்'. செரிஃப் இரண்டாகப் பிளந்து மீன்வாலாக விரியும் 'டஸ்கன்'. இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் வின்ட்சர், கூப்பர் பிளாக், புக்மேனின் சுழிவால் எழுத்துகள், பெங்குவியாட். பக்கம் பக்கமாகப் படிப்பதற்காக இவை எதுவும் வரையப்படவில்லை. இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாக, கறுப்பாக, தூரத்திலிருந்து தெரியும்படி நிறுத்துவதுதான் இவற்றின் தொழில்.

கண்ணில் படாத எழுத்து என்ற கோட்பாட்டுக்கு வேதநூல் ஒன்று உண்டு. 1930 அக்டோபரில் லண்டன் செயின்ட் பிரைட் நிறுவனத்தில் பீட்ரிஸ் வார்ட் ஆற்றிய உரை அது. 'படிகக் கோப்பை' என்ற உவமையால் புகழ்பெற்றது. திராட்சை மதுவை ருசிக்கத் தெரிந்தவர் பொற்கிண்ணத்தைத் தள்ளிவிட்டுத் தெளிந்த கண்ணாடிக் கோப்பையைத்தான் எடுப்பார் என்றும், அச்செழுத்தும் அப்படி உள்ளிருப்பதைக் காட்டிவிட்டுத் தான் மறைய வேண்டும் என்றும் அவர் வாதாடினார். அழகான உரை. ஆனால் அதை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் அதைக் கடைசிவரை படித்தவர்களாகத் தெரியவில்லை. வார்டின் வாதத்துக்கு அச்சாணி புத்தகப் பக்கம். முந்நூறு பக்கம் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே போகிறவருக்கு எழுத்தின் வடிவம் குறுக்கே வந்துகொண்டிருந்தால் தொல்லைதான். அதில் எனக்குச் சண்டையில்லை. கடைப்பலகையை யாரும் முந்நூறு பக்கம் படிப்பதில்லை என்பதுதான் என் சண்டை.

வார்டே இதை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று அவருடைய கைவேலையிலேயே இருக்கிறது. அவர் மோனோடைப் நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பாளர். 1932இல், எரிக் கில் வரைந்த பெர்பெச்சுவா எழுத்துருவின் தலைப்பெழுத்துகளைக் காட்டுவதற்காக ஓர் அகலத்தாள் சுவரொட்டியை உருவாக்கினார். இது ஓர் அச்சகம், நாகரிகத்தின் நாற்சந்தி என்று அறிவிக்கும் அந்தத் தாள் உலகெங்கும் அச்சகச் சுவர்களில் மாட்டப்பட்டது. முழுக்கப் பெரிய எழுத்து, கல்வெட்டுத் தோரணை, கூர்மையான செரிஃப்கள். எழுத்துருவை விற்பதற்காகவே, பார்க்கப்பட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட தாள் அது. கண்ணாடிக் கோப்பை பேசிய இரண்டாம் வருஷம் பொற்கிண்ணத்தைத் தானே தூக்கிப் பிடித்தார் வார்ட். இதை முரண்பாடு என்று நான் சொல்லமாட்டேன். புத்தகத்துக்கு ஒரு சட்டம், சுவருக்கு வேறு சட்டம் என்று தொழில் தெரிந்தவர் நடந்துகொண்ட விதம் அது. இரண்டையும் ஒன்றாக்கியவர்கள் பின்னால் வந்த சீடர்கள்.

அந்தச் சுவருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்த வழக்கில் எதிர்த்தரப்பு கேட்க விரும்பாத சாட்சியும் அதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை அச்சகங்களிடம் இருந்தவை புத்தக எழுத்துகள். பெரிய அளவு வேண்டுமென்றால் அதே புத்தக எழுத்தைப் பெரிதாக வார்த்தார்கள். லண்டனில் அது போதாமல் போனது. நாடகக் கொட்டகைகள், கோச்சு வண்டிகள், ஏலங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அரசு லாட்டரி. அத்தனைக்கும் சுவரொட்டியும் துண்டு நோட்டீசும் தேவைப்பட்டன. தாமஸ் பிஷ் போன்ற லாட்டரி ஏஜென்டுகள் நோட்டீஸ்களை மழையாகப் பொழிந்தார்கள். ஒரே சுவரில் பத்துத் தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டால், நடந்துபோகிறவர் எதைப் பார்ப்பார்? அடக்கமான புத்தக எழுத்து அங்கே செத்துப்போகும். இந்த நெருக்கடிக்கு வார்ப்பகங்கள் தந்த விடைதான் ஃபேட் ஃபேஸ். 1800களின் தொடக்கத்தில் அதைக் கொண்டுவந்தவர் ராபர்ட் தோர்ன் என்பது பொதுவான கணிப்பு. போடோனியும் டிடோவும் வடித்த மெல்லிய நவீன எழுத்தை எடுத்து, மயிரிழையை அப்படியே விட்டுவிட்டு, தூணை மட்டும் ஊதிப் பெருக்கினார். பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று மோதிக்கொண்டன.

1820இல் தோர்ன் இறந்தபோது அவருடைய வார்ப்பகத்தை ஏலத்தில் எடுத்தவர் வில்லியம் தொரோகுட். எழுத்து வார்ப்பில் முன்னனுபவம் இல்லாத மனிதர். வாங்கிய பணம் லாட்டரியில் விழுந்தது என்பார்கள். லாட்டரி நோட்டீசுக்காகப் பருத்த எழுத்தின் வார்ப்பகத்தை லாட்டரிப் பணமே வாங்கியது. கதாசிரியன் எழுதியிருந்தால் நம்பமாட்டோம். பிறகு அதே ஃபான் தெரு வார்ப்பகத்தில் பங்குதாரரான ராபர்ட் பெஸ்லி 1845இல் கிளாரண்டனைப் பதிவுசெய்து வெளியிட்டார். மூன்று வருஷப் பாதுகாப்பு முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் அதைக் கூசாமல் நகலெடுத்தன. வேண்டாத பொருளை யாரும் திருடுவதில்லை.

இப்போது அந்தச் சாட்சியைக் கூப்பிடுகிறேன். 1810களில், வின்சென்ட் ஃபிக்கின்ஸ் செங்கல் செரிஃப் எழுத்தை வெளியிட்ட அதே ஆண்டுகளில், நான்காம் வில்லியம் காஸ்லன் தன் மாதிரிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார். பெரிய எழுத்துகள் மட்டும், செரிஃப் எதுவும் கிடையாது. 1816ஆம் ஆண்டின் அந்த வரிதான் விற்பனைக்கு வந்த முதல் சான்ஸ்-செரிஃப் அச்செழுத்து. அதாவது, இன்று தூய்மையின், நவீனத்தின், நடுநிலையின் சின்னமாக வழிபடப்படும் எழுத்து வகை, ஃபேட் ஃபேஸ் பிறந்த அதே பிரசவ வார்டில், அடுத்த தசாப்தத்தில், அதே வணிகப் பசிக்குப் பிறந்தது. ஃபிக்கின்ஸின் மீன்வால் எழுத்துக்கும் அதே தசாப்தம்தான். ஐந்து வருஷம் கழித்து, 1821இல், காஸ்லன் – கேதர்வுட் வார்ப்பகம் தடித்ததை மெல்லியதாகவும் மெல்லியதைத் தடித்ததாகவும் தலைகீழாக்கிய 'இத்தாலியன்' எழுத்தை வெளியிட்டது. எல்லாமே ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். எல்லாமே கத்தப் பிறந்தவை. அவற்றில் ஒன்றை மட்டும் தனியே தூக்கி, குளிப்பாட்டி, பகுத்தறிவின் உருவம் என்று நாற்காலியில் உட்கார்த்தியது நூறு வருஷம் கழித்து வந்த ஒரு தலைமுறை. மற்ற பிள்ளைகளைத் தாத்தா காலத்துச் சாமான்கள் என்று பரணில் போட்டதும் அதே தலைமுறைதான்.

அன்றைய ரசனைக் காவலர்கள் இந்த எழுத்துகளை வெறுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1825இல் வெளியான தன் 'டைபோகிராஃபியா' நூலில் தாமஸ் கர்ஸன் ஹான்சார்ட் ஃபேட் ஃபேஸைச் சாடினார். அவருடைய புகார், இது பழையது என்பதல்ல. புதுமை வெறியில் அளவு கெட்டுப்போய்விட்டது என்பது. இருநூறு வருஷத்தில் குற்றச்சாட்டு நேர் எதிராகத் திரும்பிவிட்டது. குற்றவாளி மட்டும் மாறவில்லை.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதை இன்னும் கொழிக்கிறது. பெரிய எழுத்தை உலோகத்தில் வார்ப்பது தொல்லை. கனம் அதிகம், விலை அதிகம், ஆறும்போது முகம் சமமாக நிற்காது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் எந்திரக் கடைசல் முனையால் மரத்தில் எழுத்து குடையத் தொடங்கி, அடுத்த வருஷமே விலைப்பட்டியல் வெளியிட்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃபை இணைத்தார். ஒரு மூலவடிவத்தை முள் தடவிக்கொண்டே போக, மறுமுனை அதை வேண்டிய அளவில் குடைந்துவிடும். அதற்குப் பிறகு ஒரே எழுத்தை ஒடுக்கவும் விரிக்கவும் நிழல் சேர்க்கவும் உள்ளே பூ வைக்கவும் தடையில்லாமல் போயிற்று. கனெக்டிகட்டில் வில்லியம் பேஜ் 1874இல் வெளியிட்ட வண்ண மர எழுத்து மாதிரிப் புத்தகத்தை அதன் நகல் படங்களில் பார்த்தாலே போதும். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் தனி மை, மேலே மேலே அச்சிட, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூன்றாவது நிறம் பிறக்கும். கட்டை ஒரு இழை நகர்ந்தாலும் எல்லாம் பாழ். இதைப் பார்த்துவிட்டு 'சிந்தனையில்லாத அலங்காரம்' என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தச் சிந்தனையைத் தேடுகிறார் என்று கேட்கத் தோன்றும்.

பழங்கால ஏக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இன்று 'பழைய பாணி' என்று ஒதுக்கப்படும் எழுத்துகள் பிறந்தபோது ஊரிலேயே புதியவை என்பதைப் பார்த்தோம். அது ஒரு பாதி. மறுபாதி இன்னும் சுவையானது. காலத்தைக் கடந்தது என்று கொண்டாடப்படும் ஹெல்வெட்டிகா 1957இல் பாசல் நகருக்கு அருகே ஹாஸ் வார்ப்பகத்தில், வேறு பெயரில் பிறந்தது. எட்வார்ட் ஹாஃப்மன் வழிகாட்ட மாக்ஸ் மீடிங்கர் வரைந்தார். அவர்கள் கண்முன் வைத்துக்கொண்ட மாதிரி பெர்லின் பெர்த்தோல்ட் வார்ப்பகத்தின் ஆக்சிடென்ஸ் க்ரோடெஸ்க். 1898ஆம் ஆண்டுச் சரக்கு, சில்லறை அச்சு வேலைகளுக்கானது. ஆக, ஹெல்வெட்டிகாவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்து ஒன்றின் மறுபிறப்புதான். அதற்கு யாரும் 'வின்டேஜ்' என்று பெயர் வைக்கவில்லை. கிளாரண்டனை எடுத்தால் ஏக்கம், க்ரோடெஸ்க்கை எடுத்தால் முன்னேற்றம். இந்தத் தராசை யார் செய்தது?

யான் சிஹோல்ட் செய்தார் என்று ஓரளவு சொல்லலாம். 1928இல் 'புதிய அச்சுக்கலை' என்ற நூலில், இந்த யுகத்துக்கு உரியது சான்ஸ்-செரிஃப் ஒன்றே என்று அறிவித்தவர் அவர். நம்முடைய தீர்ப்பின் சட்டப் பிரிவுகள் பெரும்பாலும் அந்த நூலில் இருக்கின்றன. ஆனால் மேல்முறையீட்டில் தீர்ப்பை மாற்றியவரும் அவரே. 1933இல் நாஜிகளிடம் சிறைப்பட்டு, சுவிட்சர்லாந்துக்குத் தப்பிய பிறகு, மெல்ல மெல்லச் செரிஃபுக்கும் சமச்சீர் அமைப்புக்கும் திரும்பினார். 1940களின் கடைசியில் பெங்குயின் புத்தகங்களைச் சீர்செய்தபோது செரிஃப் எழுத்துகளைத் தாராளமாகக் கையாண்டார். 1967இல் வெளிவந்த அவருடைய சபோன் எழுத்துரு கராமோன்ட் என்ற பழைய செரிஃப் எழுத்தின் வழியில் வந்தது. இதற்கிடையே 1946இல் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில்லோடு நடந்த காரசாரமான விவாதத்தில், தன் இளமைக் கொள்கையின் கட்டாயத் தன்மை நாஜிகளின் எதேச்சாதிகார மனப்போக்குக்கு உறவானது என்றே எழுதினார். அந்த ஒப்பீடு எனக்கே கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆனாலும் கட்சியை ஆரம்பித்தவர் விலகி எண்பது வருஷம் ஆகப்போகிறது; தொண்டர்கள் இன்னும் அதே கொடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எழுத்துகளை மீட்டவர்கள் எல்லோரும் கண்ணீர் மல்கப் பழையதைத் தேடியவர்களும் இல்லை. 1938இல் நிக்கலெட் க்ரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அலங்கார எழுத்துகளைப் பற்றி ஃபேபர் பதிப்பகத்தில் ஒரு நூல் வெளியிட்டார். குப்பை என்று வார்ப்பகங்களே உருக்கிக்கொண்டிருந்த எழுத்துகளுக்குக் காலவரிசையும் வகைப்பாடும் கொடுத்த முதல் பெரிய ஆய்வு அது. போருக்குப் பிறகு, 1951இல், லண்டன் தேம்ஸ் தென்கரையில் பிரிட்டன் விழா நடந்தபோது எழுத்துக் குழுவில் அவர் உறுப்பினர். அலுமினியக் கூரையோடு 'கண்டுபிடிப்புகளின் குவிமாடம்', அந்தரத்தில் நிற்பதுபோன்ற ஸ்கைலான் கோபுரம் என்று எதிர்காலத்தையே காட்சிக்கு வைத்த விழா அது. அதன் கட்டடங்களுக்கு அந்தக் குழு பரிந்துரைத்தது எகிப்தியன் வகைத் தடித்த செரிஃப் எழுத்துகளை. குண்டுவீச்சில் நொறுங்கிய ஊர் நாளையைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்ட குரல் அது. ஏக்கம் என்று இதைச் சொன்னால் அந்தச் சொல்லுக்கே மதிப்பில்லை.

படிக்க முடியாது என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பேட்டர்சனும் மைல்ஸ் டிங்கரும் 1920களின் கடைசியிலிருந்து அச்செழுத்தின் வாசிப்பு வேகத்தை அளந்தார்கள். புழக்கத்தில் இருக்கும் எழுத்துருக்களுக்கிடையே, செரிஃப் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். வேகத்தைத் தெளிவாகக் குறைத்தவை வேறு: பழைய கோதிக் கறுப்பெழுத்து ஒன்று, எல்லாமே பெரிய எழுத்தாக அடிக்கும் வழக்கம் இன்னொன்று. பின்னதில் வேகம் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. விழிப்பாகக் கவனியுங்கள்: இன்று 'க்ளீன்' என்று பெயர் வாங்கும் வணிகச் சின்னங்களில் பல எல்லாமே பெரிய எழுத்தில் இருப்பவை. அதைப் பற்றி வாசிப்புக் காவலர்கள் யாரும் வாய் திறப்பதில்லை.

ஆனால் இந்த ஆய்வே நம் வழக்குக்கு நேராகப் பொருந்தாது என்பதுதான் முக்கியம். அளந்தது பத்தி வாசிப்பு. இரண்டு சொல்லுக்கு வாசிப்பு வேகம் என்று ஒன்று கிடையாது. நின்று பார்க்க வைக்கிறதா, மறுமுறை பார்த்தால் அடையாளம் தெரிகிறதா என்பதே கேள்வி. கல்யாணப் பந்தலில் நாதஸ்வரக்காரரைப் பார்த்து, வீணை மாதிரி மெதுவாக வாசியுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. அளவு மாறினால் எழுத்தின் உடலும் மாறியாக வேண்டும் என்பது பழைய வார்ப்பகங்களுக்கு அத்துப்படி. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி அச்சு வெட்டினார்கள். சிறியதில் கோடுகள் உரமாக, இடைவெளி தாராளமாக இருக்கும். பெரியதில் மயிரிழை மெலியலாம், எழுத்துகள் நெருங்கி நிற்கலாம், வால் நீளலாம். 72 பாயிண்டில் அழகாக ஒளிரும் மயிரிழை 8 பாயிண்டில் மறைந்துபோனால் பழி எழுத்தின் மேலா, அங்கே கொண்டுபோய் வைத்தவர் மேலா?

கூப்பர் பிளாக்கைப் பிரித்துப் பார்த்தால் இந்தத் தொழில் நுட்பம் விளங்கும். சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது. பார்த்தால் கொழுகொழுவென்று விளையாட்டாகத் தெரியும். செரிஃப்கள் மழுங்கி உருண்டவை. எழுத்தின் அடி எங்கேயும் தட்டையாக இருக்காது. தட்டையான அடி இல்லாததால், வரிசையில் ஒரு எழுத்து துளி மேலே கீழே போனாலும் கண் கண்டுகொள்ளாது. கீழே இறங்கும் வால்கள் குட்டையானவை. அதனால் வரிகளை இறுக்கி அடுக்கலாம். உள்வெளிகள் சிறுத்திருந்தாலும் சரியான இடத்தில் திறந்திருப்பதால், இவ்வளவு கறுப்பிலும் எழுத்து அடைத்துக்கொள்வதில்லை. வெளிவந்தபோது பழமைவாத அச்சுக்காரர்கள் இதைக் கறுப்பு அபாயம் என்று பழித்தார்கள். அச்சகங்கள் அதை வாங்கிக் குவித்தன. 1966இல் பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையில் அது இருந்தது. இன்று ஈஸிஜெட் விமானங்களின் விலாப்புறத்தில், ஓடுபாதையின் மறுமுனையிலிருந்தே தெரியும்படி இருக்கிறது. படிக்க முடியாத எழுத்தை விமானத்தில் எழுதமாட்டார்கள்.

அலங்காரம் என்றாலே இரைச்சல் என்ற நினைப்பும் தவறு. 1977இல் 'ஆனி ஹால்' தொடங்கி, வுடி ஆலன் தன் படங்களின் பெயர்ப்பட்டியலுக்குப் பெரும்பாலும் வின்ட்சர் எழுத்தையே வைத்துக்கொண்டார். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, வேறு எதுவும் இல்லை. ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகம் 1905இல் வெளியிட்ட எழுத்து அது. சாய்ந்த வயிறும் பருத்த தோளுமாகக் கொஞ்சம் கோணங்கித்தனம் கொண்டது. அந்த அமைதியான திரையில் அதன் கோணங்கித்தனமே ஒரு மனிதக் குரலாகிவிடுகிறது. ஹெல்வெட்டிகாவை அதே இடத்தில் வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். மருத்துவமனை அறிவிப்பு மாதிரி இருக்கும்.

நேர்மை என்ற வாதத்துக்குக் கட்டடக்கலைஞர் அடால்ஃப் லோஸைத்தான் அழைப்பார்கள். வியன்னாவில் 1910இல் அவர் ஆற்றிய 'அலங்காரமும் குற்றமும்' உரை. அதில் ஒழுக்கப் பிரசங்கத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பொருளாதார வாதம்: அலங்காரத்தில் தொழிலாளியின் நேரம் வீணாகிறது, அதற்கேற்ற கூலி அவனுக்குக் கிடைப்பதில்லை. கட்டில் செதுக்குபவருக்கு அது பொருந்தலாம். ஒருமுறை வரைந்த எழுத்தைக் கோடி முறை அச்சிடும் தொழிலுக்குப் பொருந்தாது. வால் வைத்த எழுத்தை அச்சிட வாலில்லாத எழுத்தைவிடக் கூடுதல் நேரம் ஆவதில்லை. லோஸ் தானே வியன்னாவில் கட்டிய புகழ்பெற்ற கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வரிவரியாய் ஓடும் பச்சைப் பளிங்கைத் தேடிப் பிடித்து ஒட்டினார். பளிங்கின் ரேகை அலங்காரம் இல்லை, எழுத்தின் வால்தான் அலங்காரம் என்றால் நான் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

அடுத்தது சந்தை. கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் பேஷன் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பழைய எழுத்துகளைக் கழற்றிப் போட்டன. 2012இல் இவ் சான் லோரான் நிறுவனம் தன் ஆடைவரிசைப் பெயரைச் சுருக்கிச் சான்ஸ்-செரிஃபுக்குப் போனது. பாலென்சியாகா, செலீன், பால்மான் பின்தொடர்ந்தன. 2018இல் பர்பெரியும் பீட்டர் சாவில் கைவண்ணத்தில் தடித்த சான்ஸ்-செரிஃப் பெரிய எழுத்துகளுக்கு மாறியது. எல்லாப் பெயர்களையும் ஒரே தாளில் வரிசையாக அடித்துப் பார்த்தால், ஒரே அலுவலகத்தின் வெவ்வேறு அறைகளுக்கான கதவுப் பலகைகள் போலிருந்தன. கண்ணில் படாமலிருப்பதை இலட்சியமாக வைத்தால், கண்ணில் படாமல்தான் போகும். 2023இல் பர்பெரி குதிரை வீரன் சின்னத்தோடு செரிஃப் எழுத்துக்கே திரும்பியது. தயிர் விற்கும் சோபானி, 2017லேயே உருண்டு திரண்ட செரிஃப் எழுத்து ஒன்றைத் தனக்கென்று வரைந்துகொண்டு கடை அலமாரியில் மற்ற டப்பாக்களிலிருந்து பிரிந்து நின்றது. பிறகு ஊரே அந்த மாதிரி எழுத்துக்குப் படையெடுத்தது.

"அப்படியானால் இதுவும் ஒரு பேஷன்தானே, நாளைக்குப் போய்விடும்" என்பார்கள். ஆமாம், போகும், மறுபடி வரும். சான்ஸ்-செரிஃபும் அப்படியே. பேஷனுக்கு வெளியே ஓர் எழுத்து இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் காலம் நம்மைத் தொடாது என்ற நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். காலத்தின் கறை படிந்திருப்பது சில சமயம் பயனாகவும் ஆகும். எட் பெங்குவியாட் 1977இல் வரைந்த எழுத்தை 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் 2016இல் தலைப்புக்கு எடுத்தபோது, ஒரு வசனமும் பேசாமல் பார்வையாளரை 1980களின் திகில் நாவல் அட்டைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. திரை தெளிவில்லாத காலத்தில் மயிரிழை சிதைந்ததால் சான்ஸ்-செரிஃப் அவசியமாக இருந்தது என்ற வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானது. ஆனால் கைப்பேசித் திரைகள் ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகளைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. காரணம் போன பிறகும் பழக்கம் மட்டும் நிற்கிறது.

நம் ஊர்ப் பக்கம் இந்த வழக்கு வேறொரு உருவில் வரும். தமிழுக்குச் செரிஃப் கிடையாது, பிறகு இதெல்லாம் நமக்கெதற்கு என்பார்கள். செரிஃப் கிடையாதுதான், தமிழ் எழுத்தின் முனையில் ரோமன் பாதத்தை ஒட்டவைத்தால் செருப்புப் போட்ட சிலை மாதிரி அசிங்கமாகவே இருக்கும். கற்க வேண்டியது பாதத்தை அல்ல. தடிமனுக்கும் மெலிவுக்கும் உள்ள மோதல், சுழி முடிகிற இடத்தில் திரளும் மை, உள்வெளியைக் காப்பாற்றிக்கொண்டு கறுப்பாவது. இவை எந்த லிபிக்கும் பொது. தேவநாகரியில் ரோஜா ஒன் என்ற எழுத்துரு ஃபேட் ஃபேஸின் அந்த மோதலை அந்த லிபியின் இயல்பிலேயே செய்து காட்டுகிறது. தமிழிலும் சினிமா சுவரொட்டிக்கும் வார இதழ்த் தொடர்கதைத் தலைப்புக்கும் ஓவியர்கள் கையாலேயே இதைப் பல தலைமுறையாகச் செய்துவந்தார்கள். கணினி வந்தபோது அந்தக் கைகளை எழுத்துருவாக்காமல் விட்டுவிட்டோம். அதற்கும் 'க்ளீன்' மோகத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன்.

எதிர்த்தரப்புக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடங்களும் உண்டு. போன மாதம் திறந்த காப்பிக் கடை, பலகையில் நிழல் வைத்த டஸ்கன் எழுத்தில் நூறு வருஷப் பழமை கொண்டாடினால் அது பொய். எழுத்தைக் கணினியில் சுரண்டி, மை தேய்ந்ததுபோல் காட்டுவது எனக்கும் எரிச்சல்தான். மர எழுத்து குடைந்தவர்கள் மை சீராகப் படிவதற்குத்தான் உயிரைக் கொடுத்தார்கள், தேய்மானத்துக்காக அல்ல. ஒரே தாளில் ஆறு விதமான அலங்கார எழுத்துகளை அடுக்கி, ஓரங்களில் கொடி படரவிட்டு, நடுவில் இரண்டு மீசையைச் சேர்ப்பவர்களுக்காகவும் நான் வாதாட வரவில்லை. இவையெல்லாம் தனித்தனிக் குற்றங்கள், தனித்தனி ஆட்கள் செய்தவை. சான்ஸ்-செரிஃபில் அச்சான மோசடிப் பத்திரங்கள் எத்தனையோ இருக்கின்றன. அதற்காக யாரும் ஹெல்வெட்டிகாவைக் கூண்டில் ஏற்றியதில்லை. நான் கேட்பது அதே சலுகையைத்தான். மற்றபடி, ஓட்டல் மெனுவின் முப்பத்திரண்டு பலகாரங்களையும் 9 பாயிண்ட் ஃபேட் ஃபேஸில் அடித்து, மங்கலான விளக்கொளியில் என் கையில் கொடுத்தால், வார்டின் உரையை நானே எழுந்து நின்று வாசிப்பேன்.